கர்ப்பிணித் தாய்மாரும் வீட்டு பிரஷர் மெஷினும்

ஆறாம் மாதத்தில் இருந்த என் தங்கைக்கு கிளினிக்கில் பிரஷர் சற்றுக் கூடுதலாக இருந்தது. வீட்டிலும் பார்த்து எழுதி வரும்படி சொல்லியனுப்பினார்கள். மச்சான் மறுநாளே டிஜிட்டல் மெஷினொன்றை வாங்கிக் கொடுத்தார். ஒரு வாரம் கழித்து நான் போனபோது கொப்பியைக் காட்டினாள். அத்தனையும் நல்ல எண்கள். சந்தோஷப்பட்டேன். அவளோ சிரித்துவிட்டு, "கூடக் காட்டினா எழுத மாட்டேன் நானா. படுத்தெழும்பி, குறைஞ்ச பிறகுதான் எழுதுவேன். வார்ட்டில நிப்பாட்டிட்டா பிள்ளைகளை யாரு பாக்கிற?" என்றாள்.

சகோதரிகளே! அவளைக் குறை கூற என்னால் முடியவில்லை. ஆனால் அவள் விட்டுவிட்ட எண்கள்தாம் வைத்தியருக்கு வேண்டியவை. இருபது வாரங்களுக்குப் பின் பிரஷர் 140/90ஐ எட்டினால், சிறுநீரில் புரதம் வெளியேறும் கர்ப்பகால நோயின் தொடக்கமாக அது இருக்கலாம். ஆரம்பத்தில் வலியோ காய்ச்சலோ இராது. தாய் நலமாக இருப்பதாகவே நினைப்பாள். 160/110 எனக் காட்டினால், அல்லது கடுந்தலையிடி, பார்வை மங்கல், மேல்வயிற்று வலி ஏற்பட்டால், விடியும் வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அளப்பதிலும் ஒழுங்குண்டு. அடுப்படியில் நின்றுவிட்டு வந்து உடனே பட்டியைச் சுற்றக் கூடாது. முதுகைச் சாய்த்து, கால்களைத் தரையில் ஊன்றி ஐந்து நிமிடம் அமர்ந்திருங்கள். பட்டி, துணிக்கு மேலன்றி வெறும் புயத்தில், நெஞ்சின் மட்டத்தில் இருக்கட்டும். பேசாதீர்கள். (பிள்ளைகள் உள்ள வீட்டில் இதுதான் சிரமம்!) ஒரு நிமிடம் விட்டு மீண்டும் பார்த்து, இரண்டையும் எழுதுங்கள். சில மெஷின்கள் இந்நோயில் குறைத்துக் காட்டுவதுண்டு. ஆகவே ஒருமுறை கிளினிக்குக்கு எடுத்துச் சென்று அங்குள்ள கருவியோடு ஒப்பிடுவது நல்லது.

மெஷின் வந்துவிட்டதே, கிளினிக் எதற்கு என்று கேட்போரும் உளர். இங்கிலாந்தில் இந்நோய் வரும் வாய்ப்புக் கூடிய 2441 கர்ப்பிணிகளை வைத்து நடத்திய ஆய்வொன்று 2022இல் வெளியானது. வழமையான கிளினிக்கோடு வீட்டிலும் அளந்தவர்களுக்கு, கிளினிக்கை மட்டும் நம்பியிருந்தவர்களை விட முன்கூட்டியே பிரஷர் கண்டுபிடிக்கப்படவில்லை. வீட்டு மெஷின் கிளினிக்குக்குப் பதிலாகாது.

சீனி பார்க்கும் கருவியும் இன்று பல வீடுகளில் உண்டு. ரமழானில் விரலில் குத்தினால் நோன்பு முறியுமோ என்று பயந்து பார்க்காமலே இருப்போர் என்னிடம் கேட்பதுண்டு. ஒரு துளி இரத்தத்தால் நோன்பு முறியாது. சீனி 70க்குக் கீழே இறங்கினால் மஃரிப் வரை பொறுத்திருக்கவும் கூடாது. தனக்கோ சிசுவுக்கோ தீங்கு நேருமென அஞ்சும் கர்ப்பிணி நோன்பை விட்டுப் பின்னர் கழாச் செய்ய மார்க்கம் இடமளித்திருக்கிறது.

என் தங்கையின் விடயத்தில் மெஷினை விடப் பெரிய சிக்கல், பிள்ளைகளை யார் பார்ப்பது என்பதுதான். கணவரும் மாமியும் அதை முன்கூட்டியே பேசி வைத்திருந்தால் அவள் எண்ணை மறைத்திருக்க மாட்டாள். அன்றிரவே உம்மாவிடம் சொன்னேன். மறுநாள் உம்மா பையோடு அங்கு போய்ச் சேர்ந்தார். அடுத்த கிளினிக்கில் தங்கை உள்ளதை உள்ளபடி காட்டினாள். நான்கு நாள் வார்ட்டில் வைத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். இப்போது கொப்பியில் 146உம் இருக்கிறது, 128உம் இருக்கிறது.