புதிய ஜொகூர் தெரியும், பழைய ஜொகூர் தெரியுமா?

ஜொகூர் பாரு என்று தினமும் சொல்கிறோம். மலாய் மொழியில் 'பாரு' என்றால் புதியது. அப்படியானால் பழைய ஜொகூர் எங்கே?

கோத்தா திங்கி மாவட்டத்தில், ஜொகூர் ஆற்றங்கரையில் இருக்கிறது. அதன் பெயர் ஜொகூர் லாமா. 'லாமா' என்றால் பழையது. இன்று அமைதியான ஒரு மலாய்க் கம்பம். 16ஆம் நூற்றாண்டில் அதுவே ஓர் அரசின் தலைநகர்!

1511இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைக் கைப்பற்றினர். நாட்டை இழந்த சுல்தான் மாமுட் ஷா 1528இல் சுமத்ராவில் காலமானார். அவருடைய மகன் அலாவுடின் ரியாயாட் ஷா ஜொகூரில் புதிய அரசை நிறுவினார். 1540 வாக்கில் ஜொகூர் லாமா தலைநகரானது. ஆறுதான் அன்றைய நெடுஞ்சாலை. வணிகக் கப்பல்கள் அதில் வந்தன. கரை மேட்டிலிருந்து அவற்றைக் கண்காணிக்க முடிந்தது.

பகைவரும் அதே ஆற்றில்தான் வந்தார்கள். 1564இல் அச்சேப் படை நகரைத் தாக்கி, சுல்தானைச் சிறைபிடித்துச் சென்றது. மீண்டும் தலைதூக்கிய நகரை 1587இல் டோம் பாவ்லோ டி லிமா தலைமையில் வந்த போர்த்துக்கீசியர் அழித்தனர். பின்னர் தலைநகர் பத்து சாவாருக்கு மாறியது.

இங்கிலாந்தின் பழங்கிராமங்களைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். கல் வீடுகளும் கல் தேவாலயமும் பல நூறு ஆண்டுகளாக நிற்கின்றன. நம் மண்ணில் மக்கள் மரத்தாலும் ஓலையாலும் வீடு கட்டினார்கள். தீயும் மழையும் அவற்றைத் தின்றுவிட்டன. ஜொகூர் லாமாவில் எஞ்சியது கோட்டையின் மண் அரண்தான். 1950களில் நடந்த அகழாய்வில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. கதை தெரியாமல் போனால் அந்த அரண் நமக்கு வெறும் மண்மேடுதான்.

இதில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. நம் பாட்டன், பாட்டி பால்மரம் சீவிய எத்தனையோ தோட்டங்களில் லயங்கள் இன்று இல்லை. சில இடங்களில் ஒரு கோயில் மட்டும் நிற்கிறது. அவையும் பலகை வீடுகள்தாமே! எழுதி வைக்காவிட்டால் அங்கே யார் வாழ்ந்தார்கள் என்று சொல்ல எதுவும் மிஞ்சாது.

அடுத்த பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை ஜொகூர் லாமாவுக்கு அழைத்துச் செல்லுங்கள். வீடு திரும்பியதும் தாத்தா பாட்டியின் தோட்டப் பெயரைக் கேட்டு, அவர்களையே ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.