பூப்போட்ட காகிதமும் பொங்கல் வாழ்த்தும்

சேமிப்பு வேறு, பதுக்கல் வேறு. பயன்படுத்தும் நோக்கத்தோடு ஒரு பொருளைக் காப்பது சேமிப்பு. பயன்படுத்த மனம் வராமல் அடுக்கி வைப்பது பதுக்கல். நெல்லுக்கும் பணத்துக்கும் பொருந்தும் இந்த வேறுபாடு, வீட்டுப் பரணில் கிடக்கும் பூப்போட்ட காகிதத்துக்கும் பொருந்தும் என்றால் சிலருக்கு நகைப்புத் தோன்றலாம். ஆயினும், மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் வாழும் நம்மவர் இல்லங்களில் இத்தகைய காகிதம் சேர்ந்துகொண்டே வருகிறது. திருமண அழைப்பிதழின் உறை, பரிசுப் பொருளைச் சுற்றி வந்த தாள், பிள்ளைகளின் பள்ளி வேலைக்காக அப்துல் ரஹ்மான் தெருக் கடைகளில் வாங்கி மிஞ்சிய வண்ணத் தாள் ஆகிய யாவும் “பின்னால் உதவும்” என்று எடுத்து வைக்கப்படுகின்றன. அந்தப் பின்னாள் பெரும்பாலும் வருவதில்லை. இக்காகிதத்தை எவ்வாறு வகைப்படுத்துவது, எவ்வாறு வாழ்த்து அட்டைகளாக்கிச் செலவிடுவது என்பதை இங்கே ஆராய்வோம்.

முதலில், வாழ்த்து அட்டை எதற்கு என்ற வினாவுக்கு விடை கூற வேண்டும். சிவகாசி அச்சகங்களில் பல வண்ணங்களில் அச்சான பொங்கல் வாழ்த்து அட்டைகள் ஊருக்கு ஊர் அஞ்சலில் பறந்த காலம் ஒன்று இருந்தது. கைப்பேசி வந்தபின் அவ்வழக்கம் பெரிதும் குன்றிவிட்டது. கைப்பேசிச் செய்தி விரைவில் சென்று சேரும். ஆனால் அதை எழுதக் கையெழுத்து வேண்டியதில்லை. வெளிமாநிலத்தில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளுள் பலர் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். எழுதத் தெரிந்தவர் அவர்களினும் குறைவு. பாட்டிக்கு ஓர் அட்டை தன் கையாலேயே செய்து அனுப்ப வேண்டும் என்னும் ஆசை பிறந்துவிட்டால், அதனுள் நான்கு வரி எழுதவேண்டிய தேவையும் உடன் பிறக்கும். ஆகவே பரணில் கிடக்கும் காகிதத்துக்குக் காத்திருக்கும் பணி சிறியதன்று.

துண்டுக் காகிதத்தை மதிப்பது நம் நாட்டில் புதிய வழக்கமும் அன்று. முகலாயர் காலத்தில் ஓவியங்களையும் எழுத்தணித் தாள்களையும் வெட்டி, அழகிய கரைகளுக்கு நடுவே ஒட்டித் தொகுத்த ஏடுகளுக்கு ‘முரக்கா’ என்று பெயர். ஒட்டுப் போட்டது என்பதே அச்சொல்லின் பொருள். இன்றைய மகாராஷ்டிரத்தை அடுத்துள்ள பிஜாப்பூரில், 17ஆம் நூற்றாண்டில், நீர்மேல் வண்ணம் மிதக்கவிட்டுத் தாளில் ஏற்றும் ‘அப்ரி’ என்னும் மேகவண்ணக் காகிதத்தைக் கொண்டே ஓவியம் சமைத்தனர். ஜப்பானியரும் ‘சியோகாமி’ என்னும் பூவேலைக் காகிதத்தின் சிறு துண்டுகளால் பொம்மைகளும் பெட்டிகளும் செய்து வந்துள்ளனர். இவர்கள் அனைவரும் அழகிய தாளை வெட்ட அஞ்சியவர்கள் அல்லர் என்பதை நாம் கருத்தில் கொள்ளவேண்டும்.

இனி வகைப்படுத்தும் முறைக்கு வருவோம். பலரும் காகிதத்தை நிறவாரியாக அடுக்கத் தொடங்குவர். அதைவிட அளவுவாரியாகப் பிரிப்பதே சிறந்தது. ஓர் அட்டையின் முகப்பு முழுவதையும் மூடக்கூடிய தாள் முதல் வகை. பாதியை மூடக்கூடியது இரண்டாம் வகை. பட்டையாகவோ பூவாகவோ மட்டுமே உதவுவது மூன்றாம் வகை. மூன்றுக்கும் மூன்று அட்டைக் கோப்புகள் போதும். ஒவ்வொரு கோப்புக்குள்ளும் பெரிய பூ, சிறிய பூ, கோடும் கட்டமும் என்று பிரித்துக்கொள்ளலாம். தாளைச் சுருட்டி வைத்தல் கூடாது. சுருண்ட தாள் ஒட்டும்போது அடங்காது. கோப்பு நிரம்பிவிட்டால் புதிய கோப்பு வாங்காமல், உள்ளே இருப்பதைச் செலவிட்ட பின்னரே வேறு தாள் சேர்ப்பது என்று ஒரு வரையறை வைத்துக்கொள்வது நலம். ஓர் அறையே வீடாக அமைந்த குடும்பங்களுக்கு இவ்வரையறை இன்றியமையாதது.

அளவில் ஓர் ஒழுங்கு இருந்தால் வீணாவது குறையும். அலுவலகங்களில் வழங்கும் ஏ4 அளவு 21 செ.மீ. அகலமும் 29.7 செ.மீ. நீளமும் உடையது. அவ்வளவான ஒரு தடித்த தாளை நீளத்தின் நடுவில் வெட்டி, இரு பாதிகளையும் மடித்தால், 10.5 செ.மீ. அகலமும் ஏறத்தாழ 14.8 செ.மீ. உயரமும் கொண்ட இரண்டு அட்டைகள் கிடைக்கும். சி6 என்னும் உறையில் இது சரியாக அடங்கும். இவ்வட்டைக்கு முகப்பாக 10 செ.மீ. அகலமும் 14 செ.மீ. உயரமும் உள்ள பூத்தாள் போதுமானது. நான்கு புறமும் மெல்லிய வெண்கரை தெரியும். கைவினைக்கென விற்கப்படும் 12 அங்குலச் சதுரத் தாள் ஒன்றில் இத்தகைய முகப்புகள் ஆறு கிடைப்பதோடு, கரைகளுக்குப் பயன்படும் 2 செ.மீ. பட்டை ஒன்றும் மிஞ்சும். தாள் வாங்கியவுடன் இவ்வாறு வெட்டி வைத்துவிட்டால், வெட்டத் தயங்கும் மனநிலை அன்றே தீர்ந்துவிடும்.

வெட்டும்போது காகிதத்தின் இழை ஓட்டத்தை அறிந்து வெட்டவேண்டும். ஆலையில் செய்யப்படும் காகிதத்தில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படிந்திருக்கும். அத்திசையில் தாள் எளிதில் மடியும், நேராகக் கிழியும். குறுக்கே மடித்தால் முறிந்து வெடிப்புக் காணும். தாளை மெல்ல இருபுறமும் வளைத்துப் பார்த்தால், எப்பக்கம் எதிர்ப்புக் குறைவோ அப்பக்கமே இழை ஓட்டம் என்று தெரிந்துகொள்ளலாம். அட்டையின் மடிப்பும், அதன்மேல் ஒட்டும் பூத்தாளின் இழையும் ஒரே திசையில் அமைந்தால், பசை உலர்ந்தபின் அட்டை வளையாது. புனேயில் 1940இல் தொடங்கிய கைக்காகித நிலையம் போன்ற இடங்களில் கையால் வார்க்கப்படும் தாளில் நார்கள் பல திசைகளிலும் கலந்து கிடப்பதால், அதில் இக்கவலை பெரும்பாலும் இல்லை.

மும்பையில் காகிதத்துக்குப் பெரும்பகை மழைக்காலம். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழையின் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களில் கொட்டிவிடுகிறது. ஈரம் ஏறிய தாள் நெளியும், பூஞ்சை பிடிக்கும், இராமபாணப் பூச்சி அரிக்கும். எனவே கோப்புகளை வெளிச்சுவரையொட்டி வையாமல், தரையினின்றும் உயர்த்தி, மூடியுள்ள பெட்டியில் வைக்கவேண்டும். ஓலைச்சுவடிகளைக் காக்க நம் முன்னோர் கையாண்ட வசம்பை ஒரு துணியில் முடிந்து போட்டு வைக்கலாம். மைதாப் பசை பூச்சிகளை ஈர்க்கும். அதனைத் தடுக்கப் புத்தகம் கட்டுவோர் மயில்துத்தம் கலப்பதுண்டு. அது நஞ்சாதலால், பிள்ளைகள் கைபடும் இடத்தில் ஆகாது. கடையில் கிடைக்கும் வெள்ளைப் பசையை மெல்லியதாகத் தடவுவதே போதும்.

எல்லாத் தாளையும் காக்கவேண்டும் என்பதும் இல்லை. தாராவியில் தரம் பிரிக்கப்படும் பழங்காகிதம் ஆலைகளுக்குச் சென்று மீண்டும் கூழாகிக் காகிதமாகிறது. ஆகவே கறைபட்ட சாதாரணத் தாளைப் பழைய காகிதக்காரரிடம் தயங்காமல் கொடுத்துவிடலாம், அது வீணாவதில்லை. ஆனால் பிளாஸ்டிக் பூச்சு ஏறிய தாளும், சரிகைத் தகடும் மினுக்குத் தூளும் ஒட்டிய தாளும் கூழில் எளிதில் கரைவதில்லை. மிகப் பகட்டான அழைப்பிதழுக்கே மறுபிறவி அரிது. அத்தகைய தாளை முதலில் எடுத்து வெட்டிப் பயன்படுத்திவிடுவது முறையாகும்.

பூக்களை இணைப்பதற்கு ஓர் எளிய விதியைக் கூறலாம். ஓர் அட்டையில் பெரிய பூ ஒன்று, சிறிய பூ அல்லது கோடு ஒன்று, வெறுந்தாள் ஒன்று என மூன்றுக்கு மேல் வேண்டா. சேலைக்கு உடலும் கரையும் முந்தானையும் அமைவதை எண்ணினால் இது விளங்கும். காவி நிறத் தாளில் வெள்ளைக் கோடுகளாக அமையும் வார்லி ஓவியப் பாணியும், நம் புள்ளிக் கோலமும் அருகருகே நன்கு பொருந்தும். மிகச் சிறிய துண்டுகளைப் பானையாகவும் கரும்பாகவும் வெட்டி ஒட்டலாம். பொங்கலை ஒட்டி வரும் மகர சங்கராந்தியன்று எள்ளுருண்டை கொடுத்து வாழ்த்தும் மராத்திய அண்டை வீட்டாருக்கு, நம் பிள்ளைகள் செய்த அட்டை ஒன்றைக் கொடுப்பதும் பண்பாகும்.

அட்டையின் உட்புறத்தை மட்டும் பூவின்றி விட்டுவைக்க வேண்டும். அவ்விடம் எழுத்துக்கு உரியது. மார்கழி முதல் வாரத்தில் வேலையைத் தொடங்கினால், பொங்கலுக்குமுன் அஞ்சலில் சேர்க்க நேரம் இருக்கும். பிள்ளை எழுதும் எழுத்துச் சற்றுக் கோணலாக இருக்கலாம். ‘ழ’கரமும் ‘ள’கரமும் இடம் மாறலாம். அவற்றை உடனிருந்து பொறுமையாகத் திருத்திக் கொடுப்பது பெற்றோர் கடமை. திருநெல்வேலியிலோ தஞ்சாவூரிலோ அவ்வட்டையைப் பிரிக்கும் பாட்டி, முகப்பில் உள்ள பூவை ஒரு கணம் பார்ப்பார். உள்ளே உள்ள நான்கு வரிகளைப் பல முறை படிப்பார்.