திரைக்கு வெளியே நிற்கும் கோடு

கைப்பேசியில் ஊர் வரைபடத்தைத் திறந்து உங்கள் தெருவை மட்டும் பெரிதாக்குகிறீர்கள். பக்கத்துத் தெருக்கள் திரையை விட்டு நழுவிவிட்டன. ஆனாலும் நினைவகத்தில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றையும் சேர்த்து வரையப் புகுந்தால் பார்வைக்கு ஒன்றும் கெடாது. பேட்டரிதான் கரையும், விரலால் தள்ளினால் படம் திக்கித் திக்கி நகரும்.

1967-இல் விமானம் ஓட்டிப் பழகுவதற்கான கணினிக் காட்சியில் வேலை செய்துகொண்டிருந்த டேனி கோஹனுக்கும் ஐவன் சதர்லண்டுக்கும் இதே தலைவலிதான். அன்றைய கணினிக்குப் பெருக்கலும் வகுத்தலும் பெருஞ்செலவு. விமானம் சாயும்போதெல்லாம் எந்தக் கோடு திரைக்குள் வருகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாக வேண்டும்.

'இரண்டு முனையும் வெளியே இருந்தால் விட்டுவிடு' என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். அது தப்பு. திரைக்கு இடப்புறம் தொடங்கி வலப்புறம் முடியும் நெடுஞ்சாலைக்கு இரு முனையும் வெளியேதான்; சாலையோ நட்டநடுத் திரையில் ஓடுகிறது!

அவர்கள் திரையின் நான்கு ஓரங்களையும் நீட்டிப் பார்த்தார்கள். பரப்பு ஒன்பது கட்டமாயிற்று, நடுக்கட்டம் திரை. கோட்டின் ஒவ்வொரு முனைக்கும் நான்கு பிட்: மேல், கீழ், வலம், இடம். எந்த ஓரத்தைத் தாண்டியிருக்கிறதோ அதற்கு 1, மற்றவற்றுக்கு 0. இரு முனையும் 0000 என்றால் கோடு முழுக்க உள்ளே. இரண்டிலும் ஒரே இடத்தில் 1 இருந்தால் இரு முனையும் ஒரே பக்கம் வெளியே நிற்கின்றன. கோடு உள்ளே வர வழியே இல்லை. இதை அறிய ஒரேயொரு 'அண்ட்' செயல் போதும், பெருக்கல் வகுத்தல் எதுவும் வேண்டாம். இந்த இரண்டிலும் அடங்காத கோட்டை மட்டும் ஓரத்தில் வெட்டி, மிச்சத்தை மறுபடி சோதிக்க வேண்டும். இத்தனை சிக்கனமான யோசனை கணினி வரைகலையில் அபூர்வம் என்பேன்.

ஆயிரம் புள்ளிகள் கொண்ட ஏரிக்கரைக்கு என்ன செய்வது? அதைச் சுற்றி ஒரு செவ்வகம் கட்டி, செவ்வகத்தை மட்டும் சோதிக்கிறார்கள். நான்கே ஒப்பீடுகள். செவ்வகம் திரையைத் தொட்டும் ஏரி தொடாமல் போகலாம். போகட்டும், கொஞ்சம் வீண் வேலை, யாருக்கும் தெரியாது. செவ்வகம் மயிரிழை சிறுத்துவிட்டால்தான் வம்பு. கோட்டின் தடிமனையும் நிழலையும் சேர்க்காமல் கட்டிவிடுவது வழக்கமான பிழை. நானும் செய்திருக்கிறேன்.

அடுத்த முறை வரைபடத்தை மெல்ல நகர்த்துங்கள். ஓரத்தில் ஓர் ஊர்ப்பெயர் பாதி தெரியும்போதே பட்டென்று காணாமல் போனால், யாரோ ஒரு செவ்வகத்தைக் குறைத்து அளந்திருக்கக்கூடும்.