ஏரியின் அடியில் இறங்கும் விமானம்

ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையத்தில் சக்கரம் தரையைத் தொடும் நொடியில் நீங்கள் கடல் மட்டத்துக்குச் சுமார் 3 மீட்டர் கீழே இருக்கிறீர்கள். ஏறக்குறைய ஒரு மாடி ஆழம். 180 ஆண்டுகளுக்கு முன்பு இதே இடத்தில் படகுகள் போய்க்கொண்டிருந்தன. அந்த ஓடுபாதை கிடப்பது ஓர் ஏரியின் தரைமீது.

நெதர்லாந்துக்குப் போய்வருபவர்கள் பெரும்பாலும் துலிப் தோட்டம், கால்வாய்ப் படகு, வான் கோ ஓவியங்கள் ஆகியவற்றோடு திரும்பிவிடுகிறார்கள். எல்லாமே பார்க்க வேண்டியவைதான். ஆனால் டச்சு மக்களின் வரி, தேர்தல், விளையாட்டு, குழந்தை வளர்ப்பு என எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே ஒரு வேலை ஓடிக்கொண்டிருக்கிறது: தண்ணீரை இறைப்பது. நாட்டின் நிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. அங்கே இறைப்பதை நிறுத்தினால் வயல் குளமாகும், ஊர் தீவாகும். இந்த வேலையைத் தேடிப் போனால்தான் அந்த மக்களைப் பார்த்ததாக அர்த்தம் என்பது என் எண்ணம்.

முதலில் அந்த ஏரி. ஹார்லம்மர்மேர் என்று பெயர். சுமார் 180 சதுர கிலோமீட்டர், அதாவது எல்லை விரிவாவதற்கு முந்தைய பழைய சென்னை மாநகராட்சி அளவு. புயலில் அலை எழுந்து கரையைக் கடித்துத் தின்று, ஏரி ஆண்டுதோறும் பெருத்துக்கொண்டே போனது. மக்கள் அதற்கு ‘நீர் ஓநாய்’ என்று பெயர் வைத்தார்கள். 1836-இல் இரண்டு புயல்கள். ஒன்றில் தண்ணீர் ஆம்ஸ்டர்டாமின் வாசல் வரை வந்தது, இன்னொன்றில் லைடன் நகரத்தின் வாசலுக்கு. ஏரியையே காலி செய்துவிடலாம் என்று அரசு தீர்மானித்தது.

எப்படிக் காலி செய்வது? ஏரியைச் சுற்றி 60 கிலோமீட்டருக்கு ஒரு வட்டக் கால்வாய் வெட்டினார்கள். தோண்டிய மண்ணைக் கரையாகப் போட்டார்கள். பிறகு ஏரித் தண்ணீரை அந்தக் கால்வாய்க்கு ஏற்றிவிட்டார்கள். கால்வாய் அதைக் கடலுக்குக் கொண்டுபோனது. சொல்வதற்கு எளிது. இறைக்க வேண்டியிருந்ததோ சுமார் 80,000 கோடி லிட்டர். மூன்று நீராவி நிலையங்கள் இரவு பகலாக ஓடி, மூன்று ஆண்டுகளும் சில மாதங்களும் எடுத்துக்கொண்டு, 1852 ஜூலையில் ஏரியின் தரையை வெளியே காட்டின. அந்த வட்டக் கால்வாய் இன்றும் இருக்கிறது. ஏரிக்குள் இருந்த வயலில் நின்று நிமிர்ந்து பார்த்தால், படகு உங்கள் தலைக்கு மேலே போகும்.

மூன்று நிலையங்களில் க்ரூக்கியஸ் என்பது இப்போது அருங்காட்சியகம். விமான நிலையத்திலிருந்து கொஞ்ச தூரம்தான். கோட்டைபோல ஒரு வட்டக் கோபுரம், அதைச் சுற்றி எட்டு இரும்புத் தூலங்கள் சிலந்திக் கால்களாக நீட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒவ்வொரு தூலத்தின் நுனியிலும் ஒரு பம்பு. நடுவே இருக்கும் உருளையின் விட்டம் 3.66 மீட்டர். ஒரு சிறிய அறையையே அதற்குள் வைத்துவிடலாம். இதைவிடப் பெரிய நீராவி உருளை உலகில் செய்யப்பட்டதில்லை என்கிறார்கள். எட்டு பம்புகளும் சேர்ந்து ஒரு முறை மேலெழுந்தால் 64,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஐந்துக்கும் மேலே. நிமிடத்துக்கு ஐந்து முறை அது எழுந்து தாழ்ந்தது.

மூன்று நிலையங்களுக்கும் வைத்த பெயர்களைப் பாருங்கள்: லேக்வாட்டர், க்ரூக்கியஸ், லைன்டன். மூன்றும் இந்த ஏரியை வற்றவைக்க வேண்டும் என்று திட்டம் சொன்ன ஆட்களின் பெயர்கள். லேக்வாட்டர் 1641-இலேயே 160 காற்றாலைகளை வைத்து இறைத்துவிடலாம் என்று எழுதினார். அவர் சொன்ன வேலை முடிய 200 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இன்றைய டச்சில் அவர் பெயரைப் பிரித்தால் ‘காலி’, ‘தண்ணீர்’ என்று வருகிறது.

இவ்வளவு நிலம் கடலுக்குக் கீழே எப்படிப் போயிற்று? அடுத்த ஆச்சரியம் அங்கேதான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அந்த நிலத்தில் பெரும்பகுதி கடலுக்கு மேலேதான் இருந்தது. மட்காத செடிகொடிகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் படிந்து உண்டான ‘பீட்’ என்ற கரிமண் அது. அதன் எடையில் பெரும்பங்கு தண்ணீர், ஊறவைத்த பஞ்சு மாதிரி. உழவர்கள் வாய்க்கால் வெட்டி அந்த நீரை வடித்தார்கள். பஞ்சு சுருங்கியது. காற்றுப்பட்ட கரிமண் மெல்ல மக்கிக் கரைந்தது. நிலம் தாழ்ந்தது. தாழ்ந்ததால் மறுபடியும் நீர் தேங்கியது, மறுபடியும் வடித்தார்கள், மறுபடியும் தாழ்ந்தது. போதாக்குறைக்குக் கரிமண்ணை வெட்டி எடுத்து அடுப்பும் எரித்தார்கள். 1400-களில் காற்றாலைகள் வந்த பிறகு, நிலம் எவ்வளவு தாழ்ந்தாலும் இறைத்துவிடலாம் என்றாயிற்று. இன்றும் சில இடங்களில் கரிமண் நிலம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வரை இறங்குகிறது.

இப்படிக் கரைகட்டி, உள்ளே இருக்கும் நீர்மட்டத்தைத் தனியாக வைத்துப் பராமரிக்கும் நிலத்துக்கு ‘போல்டர்’ என்று பெயர். போல்டரில் விழும் மழைத்துளியின் பயணம் ஒரு மாடிப்படி ஏற்றம். வயலிலிருந்து சிறு வாய்க்கால், அங்கிருந்து பெரிய வாய்க்கால், அங்கே பம்பு தூக்கி மேட்டுக் கால்வாயில் விடும், அங்கிருந்து இன்னொரு பம்போ மதகோ ஆற்றுக்கோ கடலுக்கோ அனுப்பும். ஒவ்வொரு படிக்கும் குறித்த மட்டம் உண்டு. பல ஊர்களில் கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று என்று இரண்டு மட்டங்கள். வித்தியாசம் சில சென்டிமீட்டர்தான். அதற்குக்கூடக் கூட்டம் போட்டு, வாதாடி, எழுத்தில் தீர்மானம் போடுகிறார்கள்.

மட்டம் என்றால் எதிலிருந்து அளப்பது? அதற்கும் ஓர் இடம் உண்டு. ஆம்ஸ்டர்டாமின் நகர மன்றமும் இசை நாடக அரங்கும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. அதன் நடைபாதையிலிருந்து சில படிகள் இறங்கினால் ஒரு தூணின் தலையில் வெண்கலக் குமிழ் ஒன்று. அதுதான் பூஜ்யம். நாட்டின் எல்லாக் கரைகளும் மதகுகளும் வீட்டு வாசல்களும் அதற்கு மேலே இவ்வளவு, கீழே இவ்வளவு என்றே அளக்கப்படுகின்றன. ஐரோப்பாவின் பொது உயர அளவீடும் இந்த ஆம்ஸ்டர்டாம் மட்டத்தையே அடிப்படையாகக் கொண்டது. கணித அறிஞரும் ஆம்ஸ்டர்டாம் மேயருமான ஜோஹனஸ் ஹுடே 1680-களில், ஓராண்டு நீர்மட்டத்தை அளக்கவைத்து, நகரின் மதகுகளில் எட்டுப் பளிங்குக் கற்களைப் பதித்தார். இந்தப் பூஜ்யத்தின் வம்சம் அங்கே தொடங்குகிறது. குமிழுக்குப் பக்கத்தில் மூன்று கண்ணாடித் தூண்கள். இரண்டில் இரண்டு துறைமுகங்களின் இந்த நிமிட நீர்மட்டம் ஏறி இறங்குகிறது. மூன்றாவதில் 4.55 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. நாட்டின் தென்மேற்கை மூழ்கடித்த 1953 வெள்ளத்தின் உயரம் அது. அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். துலிப் தோட்டத்தை விட்டாலும் இதை விடாதீர்கள்.

இத்தனையையும் நடத்துவது யார்? மத்திய அரசும் இல்லை, நகராட்சியும் இல்லை. நீர் வாரியங்கள். இன்று 21 இருக்கின்றன. ரைன்லாந்து வாரியத்தின் வேர் 13-ஆம் நூற்றாண்டில் இருக்கிறது, இன்றைய நெதர்லாந்து அரசைவிட மூத்தது. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை இவற்றுக்குத் தனியாகத் தேர்தல் நடக்கிறது. தனி வரியும் உண்டு. அங்கே முறையாகக் குடியிருக்கும் வெளிநாட்டவரும் இந்தத் தேர்தலில் வாக்களிக்கலாம். தண்ணீர் கடவுச்சீட்டு பார்த்து வருவதில்லையே! தலைவருக்கு இன்றும் ‘கரைக் கோமான்’ என்ற பொருளில் பழைய பட்டம்தான். பக்கத்து வயல்காரரோடு பகை இருந்தாலும், கரை உடைந்தால் இருவருமே மூழ்க வேண்டியதுதான். ஆகவே உட்கார்ந்து பேசி, எல்லோரும் ஒப்புக்கொள்ளும் வரை பேசி முடிப்பது பழக்கமாயிற்று. அந்தப் பழக்கத்துக்கு டச்சு மொழியில் ஒரு வினைச்சொல்லே இருக்கிறது: ‘போல்டரென்’. அலுவலகக் கூட்டம் நீண்டாலும், கூட்டணி அமைக்கும் பேச்சு மாதக்கணக்கில் இழுத்தாலும் அந்தச் சொல்தான்.

கரைமீது நடந்து பாருங்கள். ஆடுகள் மேயும். அழகுக்காக விட்டவை அல்ல அவை. செம்மறியின் சின்னக் குளம்பு மண்ணை இறுக்குகிறது, வாய் புல்லை ஒட்ட மேய்கிறது. மாடு என்றால் எடை அதிகம், ஈரக்கரை குழிந்துவிடும். கரைக்கு ஓர் எதிரியும் உண்டு. உரோமத்துக்காக வட அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்த கஸ்தூரி எலி, நீருக்கு அடியிலிருந்து கரைக்குள் வளை தோண்டுகிறது. அதைப் பிடிப்பதற்கென்றே வாரியங்கள் சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கின்றன. இவற்றையெல்லாம்விட விசித்திரமான எதிரி வெயில். 2003 ஆகஸ்டில் வில்னிஸ் என்ற ஊரில் ஒரு கால்வாய்க் கரை நள்ளிரவில் நகர்ந்து ஊருக்குள் தண்ணீர் புகுந்தது. மழையே இல்லாத கோடை அது. கரிமண்ணால் ஆன கரை காய்ந்து எடை குறைந்து, கால்வாய் நீரின் அழுத்தத்தைத் தாங்க முடியாமல் வழுக்கிவிட்டது. அதற்குப் பிறகு வறண்ட கோடையிலும் ஆட்கள் கரையில் நடந்து வெடிப்பு தேடுகிறார்கள். வெள்ளம் வராமல் இருக்கக் கரைக்குத் தண்ணீர் தெளிக்கிறார்கள்.

வாய்க்காலுக்கு வாய்க்கால் பாலம் போட முடியாது. உழவர்கள் நீண்ட கழியை ஊன்றித் தாவினார்கள், பறவை முட்டை தேடிப் போகும்போதும் அப்படித்தான். வடக்கே ஃப்ரீஸ்லாந்தில் அது ‘ஃபியர்லியெப்பன்’ என்ற விளையாட்டாக நிற்கிறது. ஓடிவந்து, தண்ணீரில் நிற்கும் 13 மீட்டர் கழியைப் பிடித்து, அது சாய்வதற்குள் உச்சிவரை ஏறி, எதிர்க்கரை மணலில் குதிக்க வேண்டும். கழி சேற்றில் புதையாமல் இருக்க அடியில் ஒரு வட்டத் தட்டு. 2017-இல் யாகோ டி குரோட் தாவிய தூரம் 22.21 மீட்டர், இரண்டு பேருந்துகளை வரிசையாக நிறுத்திய நீளம் கிட்டத்தட்ட. கோடைக்கால வார இறுதிகளில் ஊர் ஊராகப் போட்டி நடக்கிறது. தவறித் தண்ணீரில் விழுபவர்களுக்கும் கைதட்டல் உண்டு.

ஏதாவது ஒரு நகராட்சி நீச்சல் குளத்துக்கும் போய்ப் பாருங்கள். ஐந்தாறு வயதுக் குழந்தைகள் சட்டை, கால்சராய், காலணியோடு குளத்தில் குதிப்பார்கள். முதல் நிலை நீச்சல் சான்றிதழுக்கான தேர்வு அது. வாய்க்காலில் தவறி விழும் குழந்தை நீச்சலுடையிலா விழும்? அடுத்து, தண்ணீருக்குள் தொங்கும் ஒரு படுதாவின் ஓட்டைக்குள் மூழ்கி நுழைந்து அந்தப் பக்கம் வர வேண்டும். பனிக்கட்டியின் அடியில் மாட்டிக்கொண்டால் வழி கண்டுபிடித்து வெளியே வருவதற்கான பழக்கம். கரையில் பெற்றோர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

1953 பிப்ரவரி முதல் நாள் விடியலில் தண்ணீர் பற்றிய இந்தப் பயம் நிஜமாயிற்று. வடகடல் புயலில் தென்மேற்குக் கரைகள் உடைந்து 1,836 பேர் இறந்தார்கள். நியூவர்கெர்க் என்ற ஊரில் ஆற்றங்கரை உடையத் தொடங்கியது. அதற்குப் பின்னால் சுமார் 30 லட்சம் பேர் வாழும் தாழ்நிலம். நாட்டின் மிகத் தாழ்ந்த இடமும் அந்த ஊரில்தான், பூஜ்யத்துக்கு 6.76 மீட்டர் கீழே. ஆரி எவெக்ரூன் என்ற படகோட்டி தன் சரக்குப் படகை நேராக உடைப்புக்குள் ஓட்டிச் செருகினார். நீரின் வேகமே படகைக் கதவுபோல அழுத்தி மூடியது. கரை நின்றது. அந்த இடத்தில் நினைவுச் சின்னம் இருக்கிறது. தெற்கே அவுவர்கெர்க்கில் கடைசி உடைப்பை அதே ஆண்டு நவம்பரில் நான்கு பிரம்மாண்டமான கான்கிரீட் பெட்டிகளை மூழ்கடித்து அடைத்தார்கள். அந்தப் பெட்டிகளுக்குள்ளேயே இப்போது வெள்ள அருங்காட்சியகம் நடக்கிறது.

அந்த வெள்ளத்துக்குப் பதிலடியாகக் கட்டிய தடுப்புகளின் வரிசையில் கடைசியாக வந்தது மாஸ்லாண்ட் தடுப்பு. ரோட்டர்டாமுக்குப் போகும் நீர்வழியின் இரு கரையிலும் வளைந்த இரண்டு எஃகுக் கதவுகள், ஒவ்வொன்றும் 22 மீட்டர் உயரம், 210 மீட்டர் நீளம். இவை உள்ளீடற்றவை. மிதந்து வந்து, நடுவில் சேர்ந்து, வயிற்றில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு ஆற்றின் அடியில் உட்காரும். திரும்பவும் நீரை வெளியேற்றினால் மிதந்து விலகும். மூடுவதா வேண்டாமா என்று தீர்மானிப்பது கணினி. ரோட்டர்டாமில் நீர்மட்டம் 3 மீட்டரைத் தொடும் என்று கணக்கு வந்தால் மூடும். எதிலிருந்து 3 மீட்டர்? ஆம்ஸ்டர்டாமில் படியிறங்கிப் பார்த்த அந்த வெண்கலக் குமிழிலிருந்து.

1997-இல் கட்டி முடித்த அந்தத் தடுப்பு, நீர்மட்டம் உயர்ந்ததால் முதல்முறையாகத் தானே மூடிக்கொண்டது 2023 டிசம்பர் 21 அன்று. ஆண்டுதோறும் புயல் பருவத்துக்கு முன்பு, பெரும்பாலும் செப்டம்பரில், ஒருமுறை மூடிச் சோதிக்கிறார்கள். மக்கள் கூட்டமாகப் போய்க் கரையில் நின்று பார்ப்பார்கள். அந்த மாதத்தில் போகிறவர்கள் தேதியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.