மனநல ஆலோசனை படிக்க நான் ஏன் போனேன்?

"மகளுக்கு வரன் பார்க்கிற வயதில் உங்களுக்குப் பரீட்சையா?" என்று சங்கத்தில் பலர் என்னைக் கேட்டதுண்டு. அப்போதெல்லாம் சிரித்து மழுப்பிவிடுவேன். காரணத்தை இப்போது எழுதுகிறேன்.

நான் கல்யாணமாகி 1994-ல் தில்லிக்கு வந்தவள். தட்டுத் தடுமாறி இந்தி கற்றுக்கொண்டேன். பிறகு, ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்கு ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் நானே மொழிபெயர்ப்பாளர் ஆனேன்.

2014 குளிர்காலம். கீழ்வீட்டுத் தம்பி தன் அம்மாவைத் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அழைத்து வந்திருந்தார். அப்பா காலமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. "ஆச்சிக்கு அடிக்கடி நெஞ்சு அடைக்குதாம். எனக்கு லீவு கிடைக்கல, நீங்க கொஞ்சம் கூடப் போங்கக்கா" என்றார். போனேன். ஆச்சி சொன்னதை டாக்டரிடம், "சீனே மே தர்த் ஹை" என்று இந்தியில் சொன்னேன். இ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தார்கள். ஒன்றுமில்லை. வாய்வுக்கு மாத்திரை கொடுத்தார்கள். இன்னும் இரண்டு முறை போனோம். அதே பதில்தான்.

டாக்டர் மேல் தப்பில்லை. நெஞ்சில் தொந்தரவு என்றால் முதலில் இதயத்தைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் "இது எப்போதிலிருந்து?" என்று நான் ஆச்சியைக் கேட்கவே இல்லை.

ஒரு நாள் மொட்டை மாடியில் வெயில் காய்ந்தபடி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம். ஆச்சி தானாகச் சொன்னார்: "இங்க வந்து நாலு மாசம் ஆச்சு தாயி. அவுக பேரை ஒருத்தரும் எடுக்கல. நான் எடுத்தா மவன் முகம் வாடிருது. உள்ளேயே போட்டு அமுக்கிக்கிடுதேன்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? "எல்லாம் விதி ஆச்சி, மனசைத் தேத்திக்குங்க" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் பட்டாணியைக் கையில் எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. சித்திரையில் ஊருக்குப் போய்விட்டார். திறந்த கதவை நானே சாத்திவிட்டேன் என்ற உறுத்தல் எனக்குப் போகவில்லை.

அந்த உறுத்தல்தான் 2016-ல் என்னை இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. உளவியலில் சேர வைத்தது. அப்போது எந்தப் பட்டதாரியும் சேரலாம் என்று இருந்தது. இரண்டாம் ஆண்டில் ஆலோசனை உளவியலைச் சிறப்புப் பாடமாக எடுத்தேன். இரண்டு ஆண்டுப் படிப்பை மூன்று ஆண்டுகளில் முடித்தேன்.

அங்கே கார்ல் ரோஜர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளரைப் படித்தேன். ஆலோசகருக்கு வேண்டிய குணங்கள் பற்றி அவர் 1957-ல் எழுதியவற்றில் மூன்று முக்கியமானவை. வந்தவரை எடைபோடாமல் ஏற்றுக்கொள்வது, அவர் நிலையில் நின்று உணர்வது, தான் பொய்யில்லாமல் இருப்பது. "மனசைத் தேத்திக்குங்க" என்பதில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. அது ஆறுதல்போலத் தோன்றினாலும், "போதும், நிறுத்துங்கள்" என்றுதான் கேட்பவர் காதில் விழுகிறது.

இன்னொன்றும் புரிந்தது. நம்மவர் பலர் துக்கத்தை உடம்பின் மொழியில்தான் சொல்கிறோம். நெஞ்சு அடைக்கிறது, தலை பாரமாக இருக்கிறது, சோறு இறங்கவில்லை என்கிறோம். இதை இந்தியில் சொல்லும்போது வலி மட்டும் போய்ச் சேருகிறது, துக்கம் நின்றுவிடுகிறது. மகனோ மருமகளோ மொழிபெயர்த்தால் இன்னும் சிக்கல். அவர்களைப் பற்றிய வருத்தத்தை அவர்கள் வாயாலேயே எப்படிச் சொல்ல வைப்பது?

யாரிடம் போவது என்ற குழப்பமும் பலருக்கு உண்டு. மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மேல் மனநலம் படித்தவர், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் சோதனைகளும் உளவியல் சிகிச்சையும் செய்பவர். என்னைப் போன்ற ஆலோசகர் மருந்து தர முடியாது. கேட்பதும், பேசித் தெளிய உதவுவதும், தேவையானால் மருத்துவரிடம் அனுப்புவதும் எங்கள் வேலை. கேட்டதை வெளியே சொல்லக் கூடாது; உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு. சிகிச்சை பெறுபவரின் ரகசியம் காக்கப்படுவதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமே உரிமையாக்கியிருக்கிறது.

நேரில் போகத் தயங்குகிறவர்கள் 14416 என்ற எண்ணில் பேசலாம். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவை அது. கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.

நான் படித்தது ஆச்சிக்குப் பயன்படவில்லை. உங்கள் வீட்டில் ஊரிலிருந்து வந்த அம்மாவோ அப்பாவோ இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து, மறைந்தவரைப் பற்றி நீங்களே பேச்சை எடுங்கள். பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். அவர்கள் பேசட்டும்.