மூன்று மார்க் கேள்வி

இந்தியப் பள்ளிகளில் கம்ப்யூட்டர் வகுப்பு தொடங்கி 40 ஆண்டுகள் ஓடிவிட்டன. ப்ரோகிராமை இயந்திரமே எழுதித் தரும் காலத்தில் மாணவர்கள் அங்கே கற்க வேண்டியது என்ன?

பல பள்ளிகளில் ஷூவைக் கழற்றிவிட்டு நுழைய வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று பிரார்த்தனைக் கூடம். மற்றது கம்ப்யூட்டர் லேப். முதலாவது பக்தி, இரண்டாவது தூசு பயம் என்று காரணம் சொல்வார்கள். ஆனால் வாசலில் வரிசையாக ஷூக்களை விட்டுவிட்டு, சத்தம் போடாமல் உள்ளே போகும் பிள்ளைகளைப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

அப்படி நுழைகிறவர்களில் ஒருத்தி இந்தப் பிளஸ் டூ மாணவி. பெயர் முக்கியமில்லை. டெல்லியிலோ நாக்பூரிலோ போபாலிலோ, எந்த சிபிஎஸ்இ பள்ளியிலும் அவளைப் பார்க்கலாம். லேபில் ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர். 40 நிமிஷ வகுப்பில் அவள் கைக்குக் கீபோர்டு வரும்போது மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும். ஆண்டு இறுதி ப்ராஜெக்டாக அவள் எடுத்துக்கொண்டது நூலகக் கணக்கு: யார் எந்தப் புத்தகத்தை எடுத்தார்கள், எப்போது திருப்பித் தந்தார்கள் என்று பதிவு செய்யும் ஒரு ப்ரோகிராம். நோட்டில் பென்சிலால் எழுதி, அடித்து, மறுபடி எழுதி மூன்று வாரம் ஆகிவிட்டது.

அடுத்த பெஞ்சு மாணவனுக்கு ஒரு நிமிஷம்தான் ஆனது. முந்தைய நாள் இரவு தன் போனில் இரண்டு வரி டைப் செய்தான். முழு ப்ரோகிராமும் வந்து விழுந்தது, விளக்கக் குறிப்புகளோடு.

அன்று முதல் அவளைக் குடைந்த கேள்வி எளிமையானது. அப்படியானால் இந்தப் பாடத்தை எதற்குப் படிக்க வேண்டும்?

பூட்டிய அறையில் தொடக்கம்

இந்தக் கேள்விக்கு விடை தேட, வகுப்பு தொடங்கிய இடத்துக்கே போக வேண்டும். 1984-85ல் மத்திய அரசு ‘கிளாஸ்’ என்ற பெயரில் பள்ளிகளில் கம்ப்யூட்டர் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. வந்தவை பிரிட்டனின் பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர்கள். அவற்றின் நினைவகம் 32 கிலோபைட். இன்று போனில் எடுக்கும் ஒரே ஒரு சாதாரண போட்டோவுக்கு அதைப்போல ஏறக்குறைய நூறு மடங்கு இடம் வேண்டும். நாடெங்கும் சுமார் 12,000 கம்ப்யூட்டர்கள் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்தன. விலை உயர்ந்த சாமான் என்பதால் பல இடங்களில் அவை பூட்டிய அறையில் பத்திரமாக இருந்தன. மாணவர்கள் கரும்பலகையில் கம்ப்யூட்டர் கற்றார்கள்.

அடுத்து வந்த தலைமுறை நீலத் திரையின் தலைமுறை. போர்லண்ட் நிறுவனம் 1990ல் வெளியிட்ட டர்போ சி பிளஸ் பிளஸ் இந்தியப் பள்ளிகளில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆட்சி செய்தது. சி பிளஸ் பிளஸ் மொழிக்கு 1998லேயே சர்வதேசத் தர விதிகள் வந்துவிட்டன. எழுதும் முறையும் மாறியது. பள்ளிகளோ பழைய முறையையே விடாமல் சொல்லிக்கொடுத்தன. பிளஸ் டூவில் நூற்றுக்கு நூறு வாங்கிய மாணவர்கள், தாங்கள் மனப்பாடம் செய்த முதல் வரியையே புதிய மென்பொருள் தவறு என்று தள்ளுவதைக் கண்டு விழித்தார்கள்.

2020 வாக்கில் சிபிஎஸ்இ பிளஸ் டூவில் சி பிளஸ் பிளஸ் விடைபெற்று, பைத்தான் முழுமையாக இடம் பிடித்தது. நெதர்லாந்துக்காரரான கைடோ வான் ராஸம் 1991ல் வெளியிட்ட மொழி அது. பாம்பின் பெயர் அல்ல. பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழு ஒன்றின் பெயரிலிருந்து வந்தது.

பேசிக் போய் சி பிளஸ் பிளஸ் வந்தது, அது போய் பைத்தான் வந்தது. மாறாமல் இருந்தது ஒன்று உண்டு. பத்து எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்க வேண்டும் என்றால், எதை எதோடு ஒப்பிடுவது, எப்போது இடம் மாற்றுவது, எங்கே நிறுத்துவது என்ற யோசனை மூன்று மொழிக்கும் ஒன்றுதான். வேலையைப் படிப்படியாகப் பிரித்துப் பார்க்கும் அந்த யோசனைதான் பாடம். மொழி அதற்கு ஒரு சட்டை. தேர்வுகள் பெரும்பாலும் சட்டையைத்தான் பார்த்தன.

சுவரில் ஓர் ஓட்டை

கம்ப்யூட்டரை இயக்கக் கற்றுக்கொள்ள வகுப்பே வேண்டாம் என்பதையும் இந்தியாவே காட்டியது. 1999 ஜனவரி 26 அன்று டெல்லி கல்காஜியில், என்ஐஐடி நிறுவனத்தின் சுற்றுச்சுவரில் ஓட்டை போட்டு சுகதா மித்ரா ஒரு கம்ப்யூட்டரைப் பதித்து வைத்தார். சுவருக்கு அந்தப் பக்கம் குடிசைப் பகுதி. ஆசிரியர் இல்லை, புத்தகம் இல்லை. பிள்ளைகள் தாங்களாகவே தடவிப் பார்த்து இன்டர்நெட்டில் மேயக் கற்றுக்கொண்டார்கள். திரையில் நகரும் அம்புக்குறிக்கு ‘சூயி’, அதாவது ஊசி என்று பெயர் வைத்தார்கள். காத்திருக்கச் சொல்லும் மணற்கடிகாரப் படம் அவர்களுக்குச் சிவன் கையில் இருக்கும் ‘டமரு’, நம் உடுக்கை. அதே காலத்தில் பள்ளிப் பிள்ளைகள் ‘மவுஸ் ஓர் உள்ளீட்டுக் கருவி’ என்று ஐந்து முறை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

கேரளம் வேறு வழியில் போனது. 2001ல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தது. நாளடைவில் விலை கொடுத்து வாங்கும் மென்பொருளை விட்டு, யாரும் திறந்து பார்த்துத் திருத்தக்கூடிய சுதந்திர மென்பொருளுக்குப் பள்ளிகள் மாறின. 2018ல் மாணவர்களுக்கென்றே ‘லிட்டில் கைட்ஸ்’ மன்றங்கள் வந்தன. 2024ல் ஏழாம் வகுப்புப் பாடநூலிலேயே செயற்கை நுண்ணறிவு இடம் பெற்றது. தமிழகம் 2011ல் அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கு இலவச லேப்டாப் தரத் தொடங்கியது. ஒரு மாநிலம் ஆசிரியரில் தொடங்கியது என்றால் மற்றது கருவியை வீட்டுக்கே அனுப்பியது.

இரண்டுமே எட்டாத பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். மத்திய அரசின் 2024-25ஆம் ஆண்டுப் பள்ளிக் கணக்கெடுப்பின்படி கம்ப்யூட்டர் வசதி உள்ள பள்ளிகள் 64.7 சதவீதம். இன்டர்நெட் உள்ளவை 63.5 சதவீதம். மூன்றில் ஒரு பள்ளிக்கு ஷூ கழற்ற வேண்டிய அவசியமே இல்லை. போன் விஷயத்தில் கதை வேறு. 14 முதல் 18 வயதுக் கிராமப்புறப் பிள்ளைகளிடம் ‘அசர்’ அமைப்பு 2023ல் ஆய்வு நடத்தியது. ஸ்மார்ட் போனைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களில் அதைச் சொந்தமாக வைத்திருந்த பையன்கள் 43.7 சதவீதம். பெண்கள் 19.8 சதவீதம்தான். வீட்டில் போன் இருக்கிறது, அண்ணன் கையில் இருக்கிறது என்பது இதன் பொருள்.

அந்த மாணவியின் வீட்டிலும் அப்படித்தான்.

ஒரே பெயரில் இரண்டு பேர்

2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியானது. அதற்குப் பிறகு வீட்டுப் பாடம் பழைய வீட்டுப் பாடமாக இல்லை. ஏராளமான எழுத்துகளிலிருந்தும் ப்ரோகிராம்களிலிருந்தும் பழகிய இயந்திரம், அடுத்து என்ன வரக்கூடும் என்று கணித்துக் கணித்து விடையைக் கட்டுகிறது. பெரும்பாலும் சரியாக இருக்கும். தவறாக இருக்கும்போதும் அதே தைரியத்தோடு சொல்லும். எது எப்போது என்று கண்டுபிடிப்பது கேட்டவரின் பொறுப்பு.

மாணவி மூன்று வாரம் மல்லுக்கட்டியதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. நூலகக் கணக்கில் முதலில் அவள் உறுப்பினர்களைப் பெயரால் பதிவு செய்தாள். சோதித்துப் பார்க்கத் தன் பெயரையும் வகுப்புத் தோழிகள் பெயரையும் போட்டபோது சிக்கல் வந்தது. வகுப்பில் இரண்டு பூஜாக்கள். ஒருத்தி எடுத்த புத்தகம் இன்னொருத்தி கணக்கில் ஏறியது. அபராதமும் அவள் தலையில் விழுந்தது. அதன் பிறகுதான் ஒவ்வொருவருக்கும் தனி எண் கொடுக்க வேண்டும் என்று அவளுக்கு உறைத்தது. பாடநூலில் ‘பிரைமரி கீ’ என்று அவள் ஏற்கெனவே மனப்பாடம் செய்திருந்த விஷயம் அது. அன்றுதான் அர்த்தம் புரிந்தது.

பக்கத்துப் பெஞ்சு மாணவனின் ப்ரோகிராமும் பெயரை வைத்தே ஓடியது. அழகாக ஓடியது. அவன் போட்டுப் பார்த்த ஐந்து பெயர்களும் வேறு வேறு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனின் போன் அரைமணி நேரம் கிடைத்தபோது அவளும் இயந்திரத்தைக் கேட்டுப் பார்த்தாள். அவளுக்கும் பெயரை வைத்துதான் எழுதித் தந்தது. ஒரே பெயரில் இரண்டு பேர் வந்தால் என்ன ஆகும் என்று கேட்டாள். உடனே மன்னிப்புக் கேட்டு, ஒவ்வொருவருக்கும் எண் சேர்த்துத் திருத்திக் கொடுத்தது. திருத்துவது அதற்கு நொடி வேலை. அந்தக் கேள்வியை யாராவது கேட்க வேண்டியிருந்தது.

நூலக அபராதம் பத்து ரூபாய் சமாச்சாரம். அதே தவறு ஒரு பென்ஷன் பட்டியலிலோ ரேஷன் பட்டியலிலோ நுழைந்தால், ஒரு பூஜாவுக்குப் பணம் போகும். இன்னொரு பூஜா ஆபீஸ் ஆபீஸாக அலைவாள். கம்ப்யூட்டரில் அப்படித்தான் இருக்கிறது என்று ஜன்னலுக்குப் பின்னாலிருந்து பதில் வரும்.

சிபிஎஸ்இ பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்சில் எழுத்துத் தேர்வுக்கு 70 மார்க், செய்முறைக்கு 30. அந்த முப்பதில் லேப் தேர்வுக்கு 12, ரெகார்டுக்கு 7, ப்ராஜெக்டுக்கு 8. நேரில் உட்காரவைத்துக் கேள்வி கேட்கும் வைவாவுக்கு 3. ரெகார்டையும் ப்ராஜெக்டையும் இயந்திரத்திடம் எழுதி வாங்கிவிடலாம். இந்த வரி எதற்கு, இதை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்கும் இடத்தில் மாணவர் தனியாகத்தான் உட்கார வேண்டும். நூற்றில் அதற்குக் கிடைத்திருப்பது மூன்று.

மூன்றாம் வகுப்பிலிருந்தே செயற்கை நுண்ணறிவும் கணினிச் சிந்தனையும் 2026-27 கல்வியாண்டு முதல் கற்பிக்கப்படும் என்று மத்திய கல்வி அமைச்சகம் 2025ல் அறிவித்தது. பாடம் புதிதாக வருகிறது. மார்க் எதற்குப் போகிறது என்பதும் கூடவே மாறாவிட்டால், பிபிசி மைக்ரோவும் நீலத் திரையும் போன வழியில்தான் இதுவும் போகும்.

வைவா நாளில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் இரண்டு ப்ராஜெக்டுகளையும் புரட்டினார். மாணவனிடம் ஒரே பெயரில் இரண்டு பேர் வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார். அவன் திரையைப் பார்த்தான், பிறகு ஃபைலைப் பார்த்தான். மாணவியிடம் அதே கேள்வி வந்தபோது அவள் ப்ரோகிராமைத் திறக்கவே இல்லை. இரண்டு பூஜாக்களின் கதையைச் சொன்னாள்.

இருவருக்கும் மார்க் வித்தியாசம் அதிகம் இருக்காது. அவளும் வெளியே வந்து, வரிசையில் தன் ஷூவைத் தேடினாள். எல்லாம் ஒரே மாதிரி கறுப்பு ஷூ. அவளுடையதில் மட்டும் உள்பக்கம் ரோல் நம்பர் எழுதியிருந்தது.