மனநோய்க்குக் குளிசை போட்டால் தொப்பை ஏன் வைக்கிறது?

யாழ் போதனா வைத்தியசாலையிலோ தெல்லிப்பழையிலோ மனநலக் கிளினிக்குக்குப் போகிறவர் உங்கள் வீட்டில் இருந்தால் இந்தக் கேள்வி புதிதல்ல. காதில் கேட்ட குரல்கள் அடங்கின, நித்திரை வந்தது. ஆனால் சில மாதங்களில் பழைய காற்சட்டை இடுப்பில் ஏறவில்லை. சாப்பாட்டு ஆசையா? அப்படித் திட்டுவது அநியாயம்.

கூரைமேல் தண்ணீர்த் தாங்கியை நினையுங்கள். நிரம்பியதும் மிதவை எழும்பிக் குழாயை அடைக்கும். பசியை அடக்கவும் மூளையில் அப்படியொரு மிதவை உண்டு. ஒலன்சபின், குளோசபின் போன்ற குளிசைகள் மனக்குழப்பத்தைத் தணிக்கும்போதே, ஹிஸ்டமின், செரட்டோனின் என்ற மூளை இரசாயனங்களின் வேலையையும் தடுக்கின்றன. மிதவை எழும்பாது. மூன்றாம் கோப்பை புட்டும் போதாது.

வழிந்தது எங்கே போகும்? வயிற்றைச் சுற்றியும் ஈரலிலும் கொழுப்பாகப் படியும். பிறகு இன்சுலின் சொன்னால் உடல் கேட்காது. சீனி ஏறும், பிறசரும் கூடும். குளிசை மட்டும் குற்றவாளி அல்ல: நோயே ஆளை வீட்டு மூலையில் இருத்திவிடும். கடும் மனநோயுள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முந்தி இறக்கிறார்கள். பெரும்பாலும் இதயநோய் போன்ற உடல் நோய்களால்.

அதற்காகக் குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள், நோய் திரும்பக்கூடும். அளவுநாடாவை எடுங்கள். நம்மவர்களில் ஆணின் இடுப்பு 90, பெண்ணின் இடுப்பு 80 சென்ரிமீற்றரை எட்டினால் டொக்டரிடம் சொல்லுங்கள். அவர் குளிசையை மாற்றலாம், சீனிநோய்க்குக் கொடுக்கும் மெற்போமின் என்ற மருந்தைச் சேர்க்கலாம்.